நல்லதாக நாலு வரி

ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

நாலு நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. நேற்றிலிருந்து அடிப்பதும் இல்லை. என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். "உன் பேச்சுக்குப் பயந்து ஓடுறவன் நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன், இப்ப துணைக்கு ஆள் வந்தாச்சு" என்று கிண்டல் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மகள், நம் மேஸ்திரி, பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே ஓடிவிட்டாளாமே? இரட்டைப் பிள்ளைகளைக் காப்பகத்தில் கொண்டுவந்து விடும்போது அவர்கள் அம்மா சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடி பட்டதா? யார் பிடித்தது? அவளை யாராவது திட்டினார்களா? கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாளா? ஒரு வரி எழுதிப் போடு, போதும்.

போன வாரம்தான் பள்ளியில் சேர்ந்தாள். அதற்குள் என் முன்னறை வேறு வீடு மாதிரி ஆகிவிட்டது. நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் வாஷிங் மெஷினைப் போடுவதற்கு முன் என் கண் தானாக மூலைக்குப் போகிறது. அவள் ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் குத்திவைத்த துணிக் கிளிப்புகளை நான் எடுக்கவில்லை. ஈரத் துணியை நாற்காலியில்தான் உலர்த்துகிறேன்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? மூன்று வயசு. உள்ளே வந்ததும் வாசல் கதவு, அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு எல்லாவற்றையும் இரண்டு இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். "வேலை சரியா முடிஞ்சிருக்கான்னு மேஸ்திரி வந்து பாக்குற மாதிரி இருக்கே!" என்றேன். நீ சிரித்தாய். இரண்டு காப்பகங்களில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள் உன்னை. அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தாய். அன்றிலிருந்து அவள் மேஸ்திரி, நான் அவளுக்குப் பெரியம்மா.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத்தில் வேண்டாம். நேரில் வா. கோபத்தோடாவது வா.

உன் அக்கா


ஜூன் 18

குழந்தைக் காப்பகம் நடத்தும் அம்மையாருக்கு,

கடிதம் வந்தது. நேரில் வர மாட்டேன். போனிலும் பேச மாட்டேன். இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். எழுதியதைப் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது பாருங்கள்.

என் மகளுக்கு அடி படவில்லை. அதற்குக் காரணம் நீங்களோ நானோ இல்லை, ஒரு தண்ணீர் லாரி டிரைவரின் கால். பிரேக்கை அவர் அரை நொடி தாமதமாக மிதித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை இருந்திருக்காது.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். பள்ளியில் சேர்ப்பதற்கு முன் மதிப்பீட்டுக் குழு என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். குழந்தையோடு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவள் கிளிப்புகளை அடுக்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். பிறகு அரை மணி நேரம் உங்கள் நோட்டைப் படித்தார்கள். தினமும் அவள் பையில் நீங்கள் எழுதி அனுப்பிய அதே நோட்டு. "இன்று தானே சாப்பிட்டாள். கூப்பிட்டதும் வந்தாள். எல்லோருடனும் விளையாடினாள். சமத்து." ஒன்றரை வருஷமும் இதே பல்லவி. எழுதி எழுதி உங்களுக்கே அலுத்திருக்க வேண்டும். படித்து முடித்து, தனித் துணை தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு துணை ஆசிரியை இருந்தால்தான் அவளால் வகுப்பில் உட்கார முடியும். அது இல்லாமல் நாற்பத்திரண்டு பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு மணி அடித்தது. மின்சார மணி, வகுப்பு வாசலுக்கு நேர் மேலே. ஓடினாள். காவலாளி சாப்பிடப் போயிருந்தார், கேட் திறந்து கிடந்தது. வகுப்பு ஆசிரியை பின்னாலேயே பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். கத்தக் கத்த இவள் வேகமாக ஓடியிருக்கிறாள். டிரைவர் இறங்கித் தூக்கியபோது அவர் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தும் அவர் கீழே விடவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆசிரியை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கூப்பிட்டா உடனே வருவான்னு நோட்டுல எழுதியிருந்துச்சே? நான் கூப்பிட்டேங்க, எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?" அந்த அம்மாவும் அழுதுகொண்டுதான் கேட்டார்.

கூடப் பிறந்தவளாக நினைத்தேன். என் வாழ்க்கையில் யாரையும் நம்பாத அளவுக்கு உங்களை நம்பினேன். நீங்கள் எழுதியதை ஒரு நாள்கூட நான் சந்தேகப்படவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள்.

மேல்முறையீட்டுக்கு ஜூலை 5 கடைசி நாள். பார்த்துக்கொண்டவரின் தினசரிக் குறிப்பை இணைக்க வேண்டுமாம். உங்கள் குறிப்பைவிட எங்களுக்கு எதிரான சாட்சி வேறு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

குழந்தையின் தாய்


ஜூன் 21

தங்கைக்கு,

அம்மையார் என்று எழுதியிருந்தாய். வாங்கிக்கொண்டேன். லாரி என்று படித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வந்து என்ன பெரியம்மா என்று கேட்டார்கள். கண்ணில் தூசி என்றேன். பார், பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

நேரில் சொல்ல இருந்ததை எழுதியே விடுகிறேன். இன்னொரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை போட்டது. அலமாரிக்கு மேலே, பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் பைக்குள் வராததெல்லாம் அதில் இருக்கிறது. சிலதை எழுதுகிறேன்.

"மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் தலையைச் சுவரில் இடித்தாள். ஏழு முறை. நெற்றி சிவந்தது."

"பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பத்துக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கதவை இரண்டு முறை தட்டினால் உடனே வருகிறாள்."

"இரட்டையரில் சின்னவனைக் கடித்தாள். அவன் அவளுடைய நீல டம்ளரை எடுத்தான்."

"இன்று சோற்றைத் தொடவில்லை. தட்டு மாறியிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை."

இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் நேரில் சொல்ல நினைத்தேன். அவள் வந்த மூன்றாம் வாரம், எல்லாப் பிள்ளைகளோடும் வட்டமாக உட்கார வைத்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். அவள் இல்லை, நான். நாலு நாள் அவளை நாற்காலியில் வைத்து என் கையால் அழுத்திப் பிடித்தேன். ஐந்தாம் நாள் என் கை பக்கத்தில் வந்ததுமே மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அன்றைக்கு "நான் செய்தது தப்பு" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவளைப் பிடித்ததே இல்லை. பக்கத்தில் போய் உட்காருவேன், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அவளாக வந்து என் முட்டியில் இரண்டு தட்டு தட்டினாள். அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.

அந்த நோட்டைக் கொடு என்று நீ கேட்பாய். கொடுக்க முடியாது, தங்கை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேற்பார்வை அதிகாரி வந்து பை நோட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடுவார். சட்டப்படி அதுதான் தினசரிக் குறிப்பு. ஒரு பிள்ளைக்கு இரண்டு நோட்டு என்று தெரிந்தால் அன்றே என் காப்பகத்தின் பதிவு ரத்து. இந்த நாலு பிள்ளைகளில் மற்ற இடங்களில் சேர்க்காதவர்கள் இரண்டு பேர். அவர்கள் எங்கே போவார்கள்? வேண்டுமானால் புதிதாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். அவளுக்குத் துணை கட்டாயம் தேவை என்று, மூன்று பக்கமானாலும் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் பத்து நாள் பை நோட்டில் எல்லாவற்றையும்தான் எழுதினேன். பதினோராம் நாள் பையில் உன் சீட்டு வந்தது. "அக்கா, இந்த நோட்டை வீட்டில் எல்லோரும் படிக்கிறார்கள். அந்தப் பத்துப் பக்கத்தையும் கிழித்துவிடுங்கள். இனி நல்லதாக நாலு வரி மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன்." ஞாபகமில்லையா? அந்தச் சீட்டும், கிழித்த பக்கங்களும் நீல நோட்டுக்குள்தான் இருக்கின்றன. நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்றாய். ஒரு நாளும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் "பஸ் போயிடும்க்கா" என்று பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருப்பாய்.

அக்கா


ஜூன் 25

அம்மையாருக்கு,

சீட்டைக் காட்டி மிரட்டுகிறீர்களா?

ஆமாம், நான்தான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் பத்தாம் நாள் குறிப்பை என் மாமியார் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்றார். என் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் காலை, குழந்தையை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பேச்சு ஆரம்பமானது. அந்த வாயை அடைக்கத்தான் நாலு வரி கேட்டேன். மாமியாருக்குப் பூசி மெழுகச் சொன்னேனே தவிர, மூன்று அதிகாரிகளுக்கும் சேர்த்து வெள்ளையடிக்கச் சொன்னேனா?

என் மகள் தலையை இடித்துக்கொண்டதை நான் ஒரு கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். ஏழு முறை. எண்ணிக்கொண்டு நின்றீர்களா? அவளை அழுத்திப் பிடித்தீர்கள். அன்று மாலை என் பையில் வந்தது என்ன தெரியுமா? எடுத்துப் பார்த்தேன். "இன்று எல்லோருடனும் வட்டமாக உட்கார்ந்தாள். சமத்து." இதற்கு மேல் நான் என்ன எழுத?

என் குழந்தையின் நிஜம் முழுக்க உங்கள் வீட்டுப் போர்வைக்கு அடியில் கிடக்கிறது. அதைக் கொடுத்தால் உங்கள் பதிவு போய்விடுமாம். புதிய கடிதம் தருகிறீர்களாம். தேதி போட்ட நோட்டுக்கு முன்னால் நேற்று எழுதிய கடிதத்தை யார் மதிப்பார்கள்? எனக்கே காது குத்தாதீர்கள். உங்கள் பிழைப்பு உங்களுக்குப் பெரிது என்றால் அதை நேராகச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகளைக் குறுக்கே இழுக்காதீர்கள்.

அவள் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. நான் வேலைக்குப் போவதில்லை. பகலெல்லாம் வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறாள். யாரோ பதிலுக்குத் தட்ட வேண்டும் என்று நிற்கிறாள் போல. எனக்கு அது இத்தனை நாள் தெரியவே இல்லை. இன்று காலை நான் இந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு தட்டினேன். என்னைப் பார்த்தாள் அக்கா. முழுசாக, கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

கொடுத்துவிடுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

மேஸ்திரியின் அம்மா


ஜூலை 2

தங்கைக்கு,

நீல நோட்டை நேற்று மதிப்பீட்டுக் குழுவின் அலுவலகத்தில் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன். கிழித்த பத்துப் பக்கங்களும் உள்ளே இருக்கின்றன. ரசீதின் நகல் இதோடு இருக்கிறது, உன் மனுவோடு சேர்த்துக்கொள். வாங்கிக்கொண்ட குமாஸ்தா, "இதுல நீங்களே உங்களுக்கு எதிரா எழுதியிருக்கீங்களேம்மா" என்றார். படித்துவிட்டாரே என்று ஒரு நிமிஷம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் போல இருந்தது. வந்துவிட்டேன், நோட்டு இல்லாமல்.

நோட்டைக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து மூன்று நாளாக வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. நல்லதுதான், கொஞ்சம் அமைதி.

ஒன்பதாம் தேதி விசாரணை. மேற்பார்வை அதிகாரியும் வருவாராம். இரண்டு பேரையும் உட்கார வைத்துத்தான் கேட்பார்கள். சீட்டை மட்டும் நோட்டிலிருந்து எடுத்துப் பர்சில் வைத்திருக்கிறேன். உன் வீட்டு விஷயம் அது, நீ சொல்ல வேண்டியது. கேட்டால் உண்மையைச் சொல். மாமியாருக்குப் பயந்து கேட்டேன் என்று சொல், போதும். அதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பாதிப் பழியை நீ வாங்கிக்கொண்டால் மீதியை நான் தாங்கிக்கொள்வேன். பதிவை ரத்து செய்யாமல் ஒரு வருஷம் நிறுத்தி வைப்பதோடு விட்டாலும் விடுவார்கள்.

மேஸ்திரியைக் கூட்டிவருவாயா? வந்தால், அந்த அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடும். உட்காருவதற்கு முன்னால் அவளையே சுவிட்சைத் தொட விடு.

அக்கா


ஜூலை 12

மேஸ்திரியின் அம்மாவுக்கு,

நீ என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். இனி அது வராது போலிருக்கிறது. நீங்கள் என்றே எழுதுகிறேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டீர்கள். பஸ் போய்விடும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் கூப்பிடவில்லை. கதவு பக்கத்தில்தான் இருந்தது, இரண்டு தட்டு தட்டலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தட்டவில்லை. அது மேஸ்திரிக்கு உரிய மரியாதை.

நடந்ததை நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். நீல நோட்டை அவர்கள் ஒரு வரி விடாமல் படித்திருந்தார்கள். குழுவின் தலைவி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களிடம் கேட்டார். "பை நோட்டுல எழுதினதெல்லாம் உண்மை இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா? இப்படி எழுதச் சொல்லி நீங்க எப்பவாவது கேட்டதுண்டா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மேஜை, அவ்வளவுதான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"தெரியாதுங்க. இவங்கதான் இப்படிப் பண்ணியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டு தடவை சொன்னீர்கள், தெரியாது என்று. குரல்கூட நடுங்கவில்லை.

சீட்டு என் மடியிலிருந்த பர்சில் இருந்தது. பர்சின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டேன். அப்போது தலைவி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "தாய்க்கும் தெரிஞ்சு ரெண்டு பேருமா சேர்ந்து எழுதியிருந்தா, அப்புறம் இந்த நோட்டையும் எப்படி நம்புறது?" ஜிப்பை மூடிவிட்டேன். உங்களைக் காப்பாற்ற மூடவில்லை. அதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நீல நோட்டு பொய் என்று ஆகிவிட்டால் மேஸ்திரிக்குத் துணை கிடைக்காது. அதற்காக மட்டும்தான்.

நேற்று மேற்பார்வை அதிகாரி வந்து சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போனார். குறிப்பில் மோசடி, பெற்றோரை ஏமாற்றியது, குழந்தையைப் பலவந்தமாக அழுத்திப் பிடித்தது. மூன்று காரணங்கள். மூன்றாவது நியாயம். முதலாவதும் என் கையெழுத்தில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "கையெழுத்துப் போடுங்கம்மா, நேரமாகுது" என்றார். போட்டேன்.

மாலையில் நாலு பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் வந்து தட்டு, டம்ளர், மாற்றுத் துணி எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரட்டையரின் அம்மா மட்டும் வாசலில் நின்று, "எங்க பிள்ளைங்க நோட்டும் பொய்தானா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பியிருக்க மாட்டாள். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பதினாறு வருஷம் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். உங்களைப் போல யாரும் என்னை இப்படித் தலைமுழுகியது இல்லை. அதுவும் என் கண் முன்னால்.

சீட்டை இதோடு அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. கிழிப்பதோ பதிவு அலுவலகத்தில் கொடுப்பதோ உங்கள் இஷ்டம். என் வீட்டில் அது இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஏமாற்றியவள்


ஜூலை 20

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலு தடவையும் நல்லதாகவே வந்தது. அதனால் கிழித்தேன்.

துணை ஆசிரியை கிடைத்துவிட்டார். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து மேஸ்திரி மறுபடியும் பள்ளிக்குப் போகப்போகிறாள். கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள். இதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான் என்று கை தானாக எழுதுகிறது.

எனக்குத் தெரியும் அக்கா. முதல் நாளிலிருந்தே தெரியும். வீட்டில் தட்டு மாறினால் சாப்பிடாதவள் உங்கள் வீட்டில் மட்டும் எப்படித் தானே சாப்பிடுவாள்? பெயர் சொல்லி நான் கூப்பிட்டே திரும்பாதவள் நீங்கள் கூப்பிட்டதும் எப்படி வருவாள்? நெற்றியில் சிவப்பைப் பார்த்திருக்கிறேன். முடியை முன்னால் இழுத்து விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிய பொய்யை ஒரு நாளும் நான் நம்பவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. மாமியாருக்கு மட்டும் என்று எழுதினேனே, அதுவும் பொய். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே எடுத்துப் படிப்பேன். "எல்லோருடனும் விளையாடினாள்." அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் மறுநாளுக்கான துணியை எடுத்து வைப்பேன்.

குழுவிடம் நோட்டை நீட்டியதும் நான்தான். வாயால் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். நிஜம் என்னவென்றால், மூன்று அதிகாரிகள் நம்பிவிட்டால் அது நிஜமாகவே ஆகிவிடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரி என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணையில் அப்படிச் சொன்னது பயத்தில் இல்லை. பயம் என்று சொன்னால் நீங்கள் இரக்கப்படுவீர்கள், அந்த இரக்கம் எனக்கு வேண்டாம், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தேன்.

சீட்டு வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் வரை போனேன். வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை உள்ளே கொடுத்தால் உங்கள் மேல் இருக்கும் இரண்டாவது காரணம் விழுந்துவிடும். மேஸ்திரியின் காகிதத்தையும் மறுபடி திறப்பார்கள். துணை ஆசிரியை வருவதற்கு முன்னாலேயே போய்விடுவார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத வந்தது. எழுதவில்லை. உங்களுக்கு அது இன்னொரு வேலை.

பள்ளிக்கு உங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வழி பழக்க இப்போதே தினமும் பள்ளி வாசல் வரை சுற்றிக்கொண்டு போய் வருகிறோம். நேற்று முனையில் நின்று உங்கள் வீட்டுப் பக்கமே கையை நீட்டினாள். இழுத்துக்கொண்டு வந்தேன். இழுக்கக் கூடாது என்று தெரியும்.

மேஸ்திரியின் அம்மா


ஜூலை 24

மேஸ்திரியின் அம்மாவுக்கு,

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். எழுத மனசு வரவில்லை. நல்லதாக நாலு வரி எழுதுவதை விட்டுவிட்டேன்.

பெஞ்சு வரை போனீர்களாம். அதை எனக்கு எதற்குச் சொன்னீர்கள்? உள்ளே போகாதவரைக்கும், பெஞ்சில் உட்கார்ந்தாலும் வீட்டில் உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

நீல நோட்டு இப்போது குழுவின் அலமாரியில் இருக்கிறது. அதைத் துணை ஆசிரியைக்குக் காட்ட மாட்டார்கள். ஆகவே அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். கவனமாகப் படியுங்கள், நேரில் கேட்டுக்கொள்ள முடியாது.

சாப்பாட்டு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவளை வகுப்பிலிருந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போவதற்கு முன் செருப்பைக் கையில் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது. முடிந்தால் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, மணியின் சுவிட்சை அவளையே அழுத்த விடச் சொல்லுங்கள். என் வாஷிங் மெஷின் அப்படித்தான் அடங்கியது. அவள் உள்ளங்கை அதன் மேல் இருக்கும்போது அவளே பொத்தானை அழுத்துவாள். பிறகு பயமில்லை. நீல டம்ளர் உடைந்தால் புதிதாக வாங்கி அதை ஒரு வாரம் பழைய டம்ளர் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அதனால் இப்போதே இன்னொன்று வாங்கி வையுங்கள், உடையும் வரை காத்திருக்க வேண்டாம். கழிப்பறைக் கதவை முழுசாக மூடக் கூடாது. கடிக்க வந்தால் கையைப் பிடுங்கக் கூடாது. யாரோ அவளுடைய எதையோ எடுத்திருப்பார்கள், அதைத் தேட வேண்டும். வட்டமாக உட்கார வைக்கும்போது அவளைக் கதவுப் பக்கம் உட்கார வைக்கட்டும். யாரும் அவளைப் பிடிக்கக் கூடாது. அதை நான் சொன்னால் நம்பலாம், பிடித்துப் பார்த்தவள்.

ஓடினால் பின்னால் ஓடக் கூடாது. பெயர் சொல்லிக் கத்தவே கூடாது. பக்கத்தில் எந்தக் கதவோ மேஜையோ இருக்கிறதோ அதில் இரண்டு தட்டு. நின்றுவிடுவாள். காத்திருந்தால் திரும்பி வருவாள்.

தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். பழகிய வழி மாறினால் அவளுக்குத்தான் கஷ்டம். நேராகவே கூட்டிப்போங்கள். அந்த நேரத்தில் என் வாசல் கதவு சாத்தியிருக்கும். அவள் வந்து தட்டினால் உள்ளேயிருந்து நான் இரண்டு தட்டு தட்டுவேன். கதவைத் திறக்க மாட்டேன். நீங்கள் கூட நிற்பீர்கள் அல்லவா, அதனால்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று துணை ஆசிரியை கேட்பார். நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடுங்கள். பெற்ற தாய் சொன்னால் மதிப்பார்கள். காப்பகம் நடத்தினாரே அந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை உங்களுக்கு நன்றாக வருகிறது.